உப்புக்காற்றில் காகித மாடல்: எந்த அச்சு, எந்தப் பூச்சு?

பாம்பனில் புதிய ரயில் பாலத்தை 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். அந்த வருஷம் பள்ளிக் கண்காட்சிக்கு என் தங்கை மகள் செய்து தரச் சொல்லிக் கேட்டது அந்தப் பாலத்தைத்தான். கம்ப்யூட்டரில் நானே வரைந்தேன். வீட்டில் இருக்கிற இங்க் டேங்க் பிரிண்டரில் அச்சடித்து, வெட்டி, மடித்து, ஃபெவிகால் வைத்து இரண்டு பேருமாக ஒட்டினோம். தூண்கள் வெள்ளை, அடியில் விரித்த கடல் கருநீலம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

ஐப்பசி மாதம். மழை இன்னும் பிடிக்கவில்லை, வாடைக்காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பாலத்தை ஜன்னல் ஓரம் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் அவள் கூப்பிட்டாள்: "மாமா, கடல் தூண்ல ஏறுது." போய்ப் பார்த்தால் நீலம் கசிந்து, ஒவ்வொரு வெள்ளைத் தூணிலும் அரை விரல் உயரத்துக்கு ஏறியிருந்தது. அவள் அழவில்லை. எனக்குத்தான் மனசு தாங்கவில்லை.

ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. பிறகு எப்படிக் கசிந்தது? கடற்கரையில் இருக்கிறவர்கள் இதைப் புரிந்துகொண்டால்தான் இனிப் பேசுகிற எல்லாவற்றுக்கும் அர்த்தம் இருக்கும். நம் காற்றில் உப்புத்தூள் எப்போதும் இருக்கிறது. ஜன்னல் கம்பியில் விரலை வைத்துத் தேய்த்து நக்கிப் பாருங்கள், கரிக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே நீராகக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அந்த உப்புத்தூள் நம் காகிதப் பாலத்தின் மேலும் படிகிறது. ராத்திரி ஈரத்தில் அது கரைகிறபோது, அடியில் இருக்கிற மையும் சேர்ந்து கரைகிறது. மதுரையிலோ கோவையிலோ இருக்கிற ஒருவர் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொன்னால், அவர் சொல்வதும் உண்மைதான். அவர் ஊர்க் காற்று வேறு.

அதற்கு மேல் இன்னும் இரண்டு ஈரம் உண்டு. ஒன்று பசையில் இருக்கிற தண்ணீர். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையெல்லாம் தண்ணீரில் கலந்தவை. இன்னொன்று நம் கை வியர்வை. சித்திரை வைகாசியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒட்டினாலும் விரல் நுனி ஈரமாகத்தான் இருக்கும்.

மை கலையாமல் இருக்க எந்த ஸ்ப்ரே நல்லது என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் நம் கரையில் முக்கால்வாசி முடிவு அச்சடிக்கிற இடத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. ஸ்ப்ரே அதற்குப் பிறகுதான்.

மை எது என்று முதலில் பாருங்கள்

அச்சு மூன்று விதம். இங்க்ஜெட் பிரிண்டரில் சாய மை, அதாவது டை இங்க் இருக்கலாம், அல்லது நிறமி மை, அதாவது பிக்மென்ட் இங்க் இருக்கலாம். கடைகளில் இருக்கிற லேசர் பிரிண்டரில் மையே கிடையாது, டோனர்தான். சாய மை என்பது தண்ணீரில் சர்க்கரை போலக் கரைந்திருக்கிற வண்ணம். தண்ணீர் திரும்ப வந்தால் திரும்பவும் கரையும். நிறமி மையில் வண்ணம் நுண்ணிய துகளாக மிதக்கிறது. காய்ந்தபின் துகள் காகித நாரில் சிக்கிக்கொள்ளும், எளிதில் நகராது. டோனர் பிளாஸ்டிக் தூள். பிரிண்டருக்குள் இருக்கிற சூடான உருளை அதை உருக்கிக் காகிதத்தோடு ஒட்டவைக்கிறது.

வீட்டுப் பிரிண்டர்களில் ஒரு குழப்பம் உண்டு. கருப்பு நிறமி மையாகவும், மற்ற மூன்று வண்ணங்கள் சாய மையாகவும் இருக்கும். கேனான் ஜி வரிசையில் பல மாடல்கள் இப்படித்தான். கருப்பு எழுத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு "நம்ம மை கலையாது" என்று நினைத்துவிடுவோம். நீலமும் சிவப்பும் ஓடும். அதனால் நான்கு வண்ணத்திலும் ஒவ்வொரு கட்டம் அச்சடித்து, ஒரு நாள் காயவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஒரு நிமிஷம் கழித்து விரலால் இழுத்துப் பாருங்கள். இழுத்த பக்கமெல்லாம் வண்ணம் வந்தால் சாய மை. லேசாகக் கறை மட்டும் என்றால் நிறமி. ஒன்றுமே ஆகவில்லை என்றால் டோனர். பிரிண்டர் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட இந்தச் சோதனையை நம்பலாம்.

லேசரா, இங்க்ஜெட்டா

தண்ணீர் விஷயத்தில் மட்டும் பார்த்தால் லேசருக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. ஈரத்துணியால் துடைக்கலாம். உப்புப் படிந்தால் துடைத்துவிட்டு நிழலில் காயவிடலாம். ஃபெவிகால் வழிந்தாலும் வண்ணம் நகராது. வாடைக்காற்று மாதங்களில் இது பெரிய நிம்மதி.

ஆனால் காகித மாடல் என்றால் மடிப்பு. டோனர் காகிதத்துக்குள் இறங்குவதில்லை, மேலேயே ஒரு தோல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மடித்ததும் அந்தத் தோல் வெடித்து உதிரும், விளிம்பு முழுக்க வெள்ளைக் கோடு தெரியும். கருநீலம், கருப்பு மாதிரி அடர்ந்த நிறத்தில் அது கண்ணை உறுத்தும். வளைத்துச் சுருட்டுகிற பாகங்களில் இன்னும் மோசம். ஒரு வல்லத்தின், அதாவது மீன்பிடிப் படகின், அடிப்பகுதியைச் செய்து பார்த்தேன். முனையில் காகிதத்தை வளைத்த இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது.

இதைக் குறைக்க வழி இருக்கிறது. மடிக்கிற கோட்டை அச்சிட்ட பக்கத்தில் கீறாதீர்கள். கோட்டின் இரண்டு முனையிலும் குண்டூசியால் குத்தி, காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் ஸ்கேல் வைத்து மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போடுங்கள். கத்தி வேண்டாம். அப்புறம் மெதுவாக மடியுங்கள். காகிதத்துக்கு நாரோட்டம் உண்டு. அதன் போக்கில் மடித்தால் சுத்தமாக மடியும், குறுக்கே மடித்தால் பிசிறும். தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதுதான் நாரோட்டத்துக்கு இணையான மடிப்பு. நீளமான மடிப்புகள் அந்தத் திசையில் வரும்படி பாகங்களைத் தாளில் அடுக்கிக்கொண்டால் பாதி வெடிப்பு குறைந்துவிடும்.

இன்னொன்று, கடையில் சொல்லி வாங்க வேண்டியது. நான் ராம்நாட்டில் அரண்மனைப் பக்கம் ஒரு கடையில்தான் கலர் லேசர் எடுக்கிறேன். முதல் தடவை 200 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள தடித்த தாளைக் கொடுத்தேன். சாதாரணத் தாளுக்கான அமைப்பிலேயே போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நகத்தால் சுரண்டினால் வண்ணம் தூளாக வந்தது. தடித்த தாளுக்குக் கூடுதல் சூடு வேண்டும், பிரிண்டரில் தாள் வகையைத் தடித்த தாள் என்று மாற்றினால்தான் அது கிடைக்கும். இப்போதெல்லாம் "அண்ணே, திக் பேப்பர் செட்டிங்ல போடுங்க" என்று சொல்லிவிட்டு, முதல் தாள் வந்ததும் ஓரத்தில் நகம் வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றதை ஓட்டச் சொல்கிறேன். பாம்பனிலிருந்து உச்சிப்புளி வழியாகப் பஸ் ஏறிப் போய்வருகிற வேலை. திரும்ப ஒரு நடை போக யாருக்கும் தெம்பு இருக்காது.

எடுத்துவந்த லேசர் தாள்களை வழவழப்பான பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வைக்காதீர்கள். பிவிசி உறையில் இருக்கிற மென்மையாக்கும் எண்ணெய் டோனரை இளக்கும், தாள் உறையோடு ஒட்டிக்கொள்ளும். வெறும் பிரவுன் கவர் போதும்.

இங்க்ஜெட்டுக்கு வருகிறேன். மை காகிதத்துக்குள் இறங்குவதால் மடிப்பு அழகாக வரும், வளைவும் வரும், வெடிப்பு கிடையாது. சின்னச் சின்னப் பாகம் நிறைய இருக்கிற மாடலுக்கு இதுதான் சுகம். நிறமி மை பிரிண்டர் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்பும் நன்றாக இருக்கும், ஈரமும் தாங்கும், வெயிலில் வெளுப்பதும் சாய மையைவிடக் குறைவு. சிக்கல் என்னவென்றால் நம் பக்கத்துக் கடைகளில் எல்லா வண்ணமும் நிறமியாக இருக்கிற பிரிண்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. போட்டோ ஸ்டூடியோக்களில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பளபளப்பான போட்டோ பேப்பரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தப் பூச்சும் மடிப்பில் உடையும்.

சாய மை மட்டுமே வீட்டில் இருக்கிறது என்றால்? செய்யலாம். ஆனால் பூச்சு இல்லாமல் இந்தக் கரையில் அது ஒரு மழைக்காலம் தாண்டாது.

எனக்கு மிகவும் பிடித்த மூன்றாவது வழி

கருப்பு வெள்ளை ஜெராக்ஸ். பிள்ளைகளோடு செய்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். கோட்டுப்படம் மட்டும் ஜெராக்ஸ் எடுங்கள், அதுவும் டோனர்தான், கலையாது. வண்ணத்தைப் பிள்ளைகளே கலர் பென்சிலில் அடிக்கட்டும். கலர் பென்சிலில் மெழுகும் எண்ணெயும் கலந்திருப்பதால் ஈரத்தில் ஓடாது. கோடுகள் மெல்லியவை என்பதால் மடிப்பில் வெடிக்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. வெட்டின ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் அதே பென்சிலால் ஒரு தேய், மறைந்துவிடும். வாட்டர் கலர் அடித்தாலும் கருப்புக் கோடு அசையாது. ஆனால் காய்ந்த வாட்டர் கலர் திரும்பவும் ஈரம் பட்டால் இளகும் என்பதால் நான் பென்சிலோடு நிறுத்திக்கொள்கிறேன். வழக்கமான பென்சில்தான் வேண்டும். தண்ணீர் தொட்டுக் கரைக்கிற வகைப் பென்சில் கடைகளில் பக்கத்திலேயே இருக்கும், பார்த்து வாங்குங்கள். மெழுகு கிரேயான் அடித்த இடத்தில் பசை பிடிக்காது. பசை வைத்து ஒட்டுவதற்காக ஓரத்தில் நீட்டி விட்டிருக்கிற காதுகளை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

செலவும் இதில்தான் குறைவு. ஊருக்கு ஊர் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஒரு தாள் கெட்டுப்போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் பிள்ளைகள் பயமில்லாமல் வெட்டுவார்கள். அந்தப் பயமின்மைக்கு எந்த ஸ்ப்ரேயும் ஈடாகாது.

பூச்சு: எது நிற்கும், எது நிற்காது

ஹேர் ஸ்ப்ரே அடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நம் ஊருக்கு வேண்டாம். அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், தூசியும் உப்பும் அதன்மேல் ஒட்டும். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் பூசுவது இன்னொரு வழக்கம். சாய மையில் செய்தால் பூசும்போதே வண்ணம் இழுத்துக்கொண்டு வரும். லேசரில் செய்யலாம் என்றாலும் காகிதம் நெளியும், மழைக்காலத்தில் பூச்சு இளகி இரண்டு பாகம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தச்சர்கள் பயன்படுத்துகிற பாலிஷும் ஆகாது. அதில் இருக்கிற ஸ்பிரிட் சாய மையைக் கரைக்கும், மஞ்சளும் அடிக்கும்.

சூடான லேமினேஷன் தட்டையான விஷயத்துக்கு அருமை. மடிக்கிற விஷயத்துக்கு ஆகவே ஆகாது. மடித்தால் திரும்ப நிமிரும், மேலே பசையும் பிடிக்காது. நான் இப்போது அடித்தளத்தில் வருகிற கடலை மட்டும் தனித்தாளாக லேமினேட் செய்து, அதன்மேல் தூண்களை நிறுத்துகிறேன். தூண் நிற்கிற இடத்தில் பிளாஸ்டிக்கை வெட்டித் துளை விட்டு, தூணின் அடிக்காதுகளைத் துளை வழியாகக் கீழே இறக்கி அட்டையில் ஒட்டினால் பிடிமானம் கிடைக்கும். கடல் தூணில் ஏறுகிற பேச்சே இல்லை.

மடிக்கிற பாகங்களுக்கு என் தேர்வு க்ளியர் அக்ரிலிக் ஸ்ப்ரே. பெயின்ட் கடையில், கார் டிங்கரிங் சாமான் விற்கிற இடத்தில் க்ளியர் லேக்கர் என்று கேட்டால் கிடைக்கும். மேட் கிடைத்தால் மேட், இல்லையென்றால் பளபளப்பு. ஓவியர்கள் கரிக்கோல் படத்துக்கு அடிக்கிற ஃபிக்சேட்டிவும் கொஞ்சம் உதவும், ஆனால் அது தூள் உதிராமல் பிடிப்பதற்கானது, ஈரத்தைத் தடுக்கிற அளவு படலம் அதில் இல்லை.

இந்த ஸ்ப்ரேயை நம் கரையில் அடிப்பதற்குத் தனிக் கவனம் வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இது நேர்ந்திருக்காது. ஈரக்காற்றில் லேக்கர் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். லேக்கரில் இருக்கிற தின்னர் வேகமாக ஆவியாகும்போது தாளின் மேல்பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த சோடா பாட்டில் மேல் முத்து முத்தாக நீர் வருவதுபோல, காற்றின் ஈரம் அந்தப் பரப்பில் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். மேலே பால் சிந்திய மாதிரி மங்கல். ஒருமுறை சாயங்காலம் மாடியில் அடித்தேன், தாள் முழுக்க வெளுத்துவிட்டது. நல்லவேளை, இரண்டு நாள் கழித்து நல்ல வெயில் வேளையில் மெல்லியதாக ஒரு கோட் அடித்ததும் பழைய படலம் இளகி, உள்ளே இருந்த ஈரம் வெளியேறிப் பெரும்பாலும் தெளிந்துவிட்டது.

அதனால் காலை பத்து மணிக்கு மேல், சாயங்காலம் மூன்று மணிக்குள், தரை காய்ந்த நாளாகப் பார்த்து அடியுங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் வேறு தொல்லை. தனுஷ்கோடிப் பக்கமெல்லாம் மணல் பறக்கும், ஈர லேக்கரில் வந்து அப்பிக்கொள்ளும். ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து, அதற்குள் தாளை நிறுத்தி, ஒரு சாண் தூரத்துக்குச் சற்று மேல் வைத்து, மெல்லிய படலமாக மூன்று முறை அடித்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் காய விடுங்கள். ஒரேயடியாக நனைய அடித்தால் லேசர் தாளிலும் ஆபத்து உண்டு, தின்னர் டோனரையே இளக்கிவிடும். வாயில் மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் எதுவும் வேண்டாம், பக்கென்று பிடிக்கிற வாயு அது. பிள்ளைகளை இந்த வேலையில் விடவே விடாதீர்கள்.

வெட்டுவதற்கு முன்பே முழுத்தாளாக அடிப்பது நல்லது. சாய மையாக இருந்தால் இது கட்டாயம், கை வியர்வைகூட அதன்பிறகுதான் படலாம். அச்சிட்ட பக்கம் மட்டும் அடியுங்கள், பின்பக்கம் வெறும் காகிதமாக இருந்தால்தான் பசை பிடிக்கும். ஒட்டுகிற காதுகளின் மேல் லேக்கர் விழுந்திருக்கும். அதை உப்புத்தாளால் இரண்டு இழு இழுத்துச் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்டுங்கள். ரப்பர் பசையை எடுத்தால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் முன்பக்கம் வழிந்தால் லேக்கரையும் டோனரையும் சேர்த்துக் கறையாக்கும். நான் ஃபெவிகாலைத்தான் குச்சி நுனியில் கடுகளவு எடுத்து வைக்கிறேன். முழுவதும் மாடல் எழும்பின பிறகு, வெட்டு ஓரங்களை மூட இன்னொரு மெல்லிய கோட். ஈரம் காகிதத்துக்குள் புகுவது பெரும்பாலும் அந்த ஓரம் வழியாகத்தான்.

எதைச் செய்யப் போகிறீர்கள்

புதிய பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம், கப்பல் போக 17 மீட்டர் உயரம் செங்குத்தாக மேலே எழும்பும். 1:250 அளவில் வரைந்தால் 29 சென்டிமீட்டர். ஏ4 தாள் 29.7 சென்டிமீட்டர்தானே, சரியாகப் பொருந்தும் என்று நினைத்தேன். பிரிண்டர் சுற்றிலும் விடுகிற வெள்ளை ஓரத்தில் இரண்டு முனையும் போய்விட்டது. 1:300-க்கு மாற்றினால் 24 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், தாராளமாக அடங்கும், தூக்குகிற உயரம் ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முழுப் பாலத்தையும் இந்த அளவில் செய்ய நினைக்காதீர்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம் அது, மாடலே ஏழு மீட்டர் வரும்.

எல்லாம் நேர்க்கோட்டு இரும்புச் சட்டம், வளைவு கிடையாது. லேசர்தான். நிறத்தை வெளிர் சாம்பலில் வைத்தால் மடிப்பு வெடித்தாலும் தெரியாது. நீங்களே வரைகிறீர்கள் என்றால் இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்துங்கள். அடர்நிறம் மடிப்பின்மேல் விழாமல் நகர்த்தி வையுங்கள்.

தனுஷ்கோடி தேவாலயத்தின் இடிந்த சுவர்களுக்கும் அதே பதில். 1964 டிசம்பர் புயலில் சிதைந்து நிற்கிற அந்தச் சுவரின் மங்கிய நிறத்துக்கு லேசர் வெடிப்புக்கூடக் காரை பெயர்ந்த மாதிரி பொருந்திப்போகும். ஆனால் வல்லம், நாட்டுப்படகு, கலங்கரை விளக்கம் மாதிரி உருண்டு வளைகிறவற்றுக்கு இங்க்ஜெட்தான் வேண்டும். நிறமி மை கிடைத்தால் அது. இல்லையென்றால் சாய மையும் லேக்கரும், 120 ஜிஎஸ்எம் தாளில். ஒருநாள் கண்காட்சிக்கு மட்டும் என்றால் சாய மையே போதும். மூடியுள்ள டப்பாவில், உள்ளே ஈரம் உறிஞ்சுகிற சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு எடுத்துப் போனால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்கில் வீட்டில் நிற்க வேண்டும் என்றால் எந்த அச்சாக இருந்தாலும் கண்ணாடிப் பெட்டி வேண்டும், கடல் பார்த்த ஜன்னலில் வைக்கவும் கூடாது.

தங்கை மகள் அடுத்து 1914-ல் திறந்த பழைய பாலத்தைக் கேட்கிறாள். நடுவில் இரண்டு இறக்கை மாதிரி பிரிந்து மேலே தூக்குமே, ஆட்கள் நின்று கைப்பிடி சுற்றித் திறப்பார்களே, அந்தப் பகுதி. கோட்டுப்படம் வரைந்து, கருப்பு வெள்ளையில் ஐந்து பிரதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். சாம்பல் நிறப் பென்சில் இரண்டு சீவி முடித்துவிட்டாள். கடலுக்கு எந்த நீலம் என்பதில்தான் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.